நான் எழுதிய நான்காவது விதி

இரண்டு வருடங்களுக்கு முன், மாசி மாதத்து வெயில் ஏறத் தொடங்கியிருந்த நாட்கள். இடம், காங்கேசன்துறை வீதியிலிருந்து உள்ளே இறங்கிப் போனால் வருகிற ஒரு சின்னக் குடியிருப்பு. அறுபது வீடு வரும். கனகாலம் முகாம்களில் இருந்துவிட்டுத் தங்கள் காணிக்குத் திரும்பி வந்த சனம். அந்த இடத்தின் பெயரை நான் எழுதவில்லை. ஏன் என்று போகப் போக உங்களுக்கே தெரியும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் ஒரு பாடநெறியை ஒருங்கிணைப்பது என் வேலை. மாணவர்கள் பத்து வாரம் ஏதாவது ஒரு ஊரோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும். நான்கு நாள் ஊரில், வெள்ளிக்கிழமை என்னோடு வகுப்பில். ஊரில் கண்டதை வைத்துக்கொண்டு சமூக நீதி பற்றிக் கதைப்போம். யாருக்குக் காணி இருக்கிறது, யாருக்கு இல்லை, ஏன் இல்லை. களத்தில் நிற்க வேண்டிய மணித்தியாலங்களை முடித்தால்தான் பாடநெறி முடிந்ததாகக் கணக்கு. கேட்க நன்றாக இருக்கும். நடத்துகிறவளைக் கேட்டால், பாதி நேரம் பஸ் பிடிப்பதும் மீதி நேரம் படிவம் நிரப்புவதும்தான் என்று சொல்வாள்.

எனக்கு ஒரு குணம். எதையும் விதியாக எழுதி, இலக்கம் போட்டு, ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்துக் கொடுத்தால்தான் நித்திரை வரும். என் கணவர், வீட்டுக்கும் ஒரு கையேடு அடிக்கச் சொல்லிப் பகிடி பண்ணுவார். அடித்தால் முதல் பத்து விதியும் அவருக்குத்தான் என்று நானும் சொல்லி வைத்திருக்கிறேன்.

மாணவர்களுக்கு நான் கொடுக்கிற கையேட்டில் நான்காவது விதி வந்த கதை இது. முதலாவது அணியோடு வேறொரு ஊருக்குப் போனபோது, எங்களைக் கண்டதும் ஒரு வீட்டு அம்மா மகளைக் கடைக்கு ஓடவிட்டு சோடாவும் பிஸ்கற்றும் வாங்குவித்தார். அவரின் பிள்ளைகள் கதவோரம் நின்று எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை. அன்றைக்கே எழுதினேன்: வீடுகளில் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, தண்ணீரும் சாப்பாடும் நாங்களே கொண்டுபோக வேண்டும், யாராவது தந்தால் 'இப்பதான் குடிச்சிட்டு வாறம்' என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். அந்த வசனத்தைக்கூட நானேதான் எழுதிக் கொடுத்தேன். அந்த விதியில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நான் சொல்ல வந்த குடியிருப்புக்குப் போனது மூன்றாவது அணி. எட்டுப் பேர். அங்கே மாதர் சங்கம் எங்களிடம் கேட்டது ஒரேயொரு உதவி, ஒரு முன்பள்ளி. மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் பெரிய வீதியைக் கடந்து பக்கத்து ஊருக்குப் போக வேண்டியிருந்தது. போனாலும் எங்கடை பிள்ளைகளைக் கடைசிப் பாயில்தான் இருத்துகிறார்கள் என்று ஒரு தாய் சொன்னார். வீடு வீடாக விபரம் எடுத்து, எல்லா வீட்டுக் கையெழுத்தோடும் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். பங்குனி முடிவதற்குள் கொடுத்தால் வருகிற வருடமே முன்பள்ளி தொடங்கலாம். விட்டால் இன்னொரு வருடம் அந்தக் குஞ்சுகள் வீதியைக் கடக்க வேண்டும்.

மூன்றாவது வாரம் நான் பார்க்கப் போனேன். சங்கத் தலைவியின் வீட்டு மதிலில் தண்ணீர்ப் போத்தல்கள் வரிசையாக நின்றன. நான் சொன்னதைப் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று மனதுக்குள் எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். ஏழு பேர் முற்றத்தில் இருந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். எட்டாவது பிள்ளையைக் காணவில்லை. எட்டிப் பார்த்தால் அவள் குசினிக்குள், அடுப்போரம் தலைவியோடு பலகையில் இருந்து, பனங்கட்டியைக் கடித்துக் கடித்துப் பால் விடாத பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் அமைதியான பிள்ளை. சாதி பற்றிப் படிப்பித்த வெள்ளிக்கிழமைகூட வாய் திறக்கவில்லை. என் குறிப்பேட்டில் அவள் பெயருக்கு நேரே 'ஆர்வம் போதாது' என்று எழுதியிருந்தேன். மதிலுக்கு வெளியே கூப்பிட்டு, என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"குடிச்சனான், மிஸ்."

"கையேட்டிலை என்ன கிடக்கு?"

"தெரியும், மிஸ். தந்தவை, குடிச்சனான்."

மன்னிப்புக் கேட்டிருந்தால் விட்டிருப்பேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாளே தவிர ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை. அந்த மௌனத்தைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, படிவம்தான் வரும். விளக்கக் கடிதம் எழுதித் தரச் சொல்லி, அது வரும் வரைக்கும் களத்துக்குப் போகக் கூடாது என்று நிறுத்தினேன். மற்ற ஏழு பேருக்கும் காது கேட்கிற தூரத்தில்தான் இதெல்லாம் நடந்தது. குசினி யன்னலும் திறந்துதான் கிடந்தது.

அடுத்த திங்கட்கிழமை போன ஏழு பேரும் பத்து மணிக்கே கல்லூரிக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். ஒரு வீட்டிலும் ஆள் இல்லையாம். செவ்வாய்க்கிழமையும் அதே கதை. அறுபது வீட்டுச் சனமும் ஒரே நேரத்தில் எங்கே போகும்? கையெழுத்து வாங்கக் கூட்டிய கூட்டத்துக்கும் ஒரு குருவி வரவில்லை. அன்று பின்னேரம் தலைவி எனக்குப் போன் எடுத்தார்.

"ரீச்சர், இனிப் பிள்ளையளை அனுப்பாதேங்கோ. முன்பள்ளி அலுவலை நாங்கள் வேறை மாதிரிப் பாக்கிறம்."

வேறு மாதிரி என்றால், இந்த வருடம் இல்லை என்று அர்த்தம். பங்குனி முடிய மூன்று வாரமும் இல்லை. என்ன பிழை நடந்தது என்று கேட்டேன். அந்தப் பிள்ளையை ஏன் நிறுத்தினீர்கள் என்று திருப்பிக் கேட்டார். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. சின்ன விளக்கக் குறைவு, இதை நான் சரிப்படுத்திவிடுவேன் என்று நினைத்து, உங்களுக்குச் செலவும் கரைச்சலும் வைக்கக் கூடாது என்றுதான் அந்த விதி என்று நல்ல பவ்வியமாக விளக்கினேன். அவர், நேரில் வாங்கோ என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார்.

அடுத்த நாள் போனேன். பொதுநோக்கு மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். தலைவிக்கு நாற்பது வயது இருக்கும். சீமெந்துக் கல் அரிந்து விற்கிறவர், கையெல்லாம் காய்ச்சுப் போயிருக்கும். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"ரீச்சர், எங்கடை வீடுகளுக்கு முந்தியும் ஆக்கள் வந்தவை. நிவாரணம் பதிய வந்தவை, வோட்டுக் கேட்டு வந்தவை, பள்ளிக்கூடத்திலையிருந்து வந்தவை. எல்லாரும் முற்றத்திலை நிண்டு சிரிச்சுக் கதைப்பினம். தேத்தண்ணி கொண்டுவந்தா, இப்பதான் குடிச்சிட்டு வாறம் எண்டுவினம். எங்கடை அம்மாவுக்கும் இதைத்தான் சொன்னவை. எங்களுக்கும் இதைத்தான் சொல்லுகினம். ஏனெண்டு எங்களுக்குத் தெரியும், அவைக்கும் தெரியும்."

நான் உடனே வாயைத் திறந்து, எங்கள் நோக்கம் அதுவல்ல என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்கள் நல்ல மனசோடைதான் எழுதியிருப்பியள். ஆனா உங்கடை பேப்பரிலை என்ன கிடக்கெண்டு எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிஞ்சது மதிலிலை நிண்ட போத்தல்தான். எட்டுப் பேரிலை ஒரு பிள்ளைதான் உள்ளுக்கு வந்து இருந்து குடிச்சுது. அந்தப் பிள்ளையைத்தான் நீங்கள் எங்கடை கண்ணுக்கு முன்னாலை நிப்பாட்டினனீங்கள்."

அந்த நேரம் எனக்கு எங்கள் வீடு ஞாபகம் வந்தது. நான் உடுவிலில் வளர்ந்தவள், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எங்கள் குசினிக்குப் பின்னால், சுவரில் அடித்த ஆணியில் ஒரு அலுமினியக் கோப்பை தொங்கும். வேலி அடைக்க வருகிறவருக்கு அதில்தான் தேத்தண்ணி. குடித்துவிட்டு அவரே கழுவி அவரே கொழுவிவிட்டுப் போவார். ஞாயிறு தோறும் தேவாலயத்தில் எல்லாரும் ஒரே பிதாவின் பிள்ளைகள் என்று மனமுருகிச் செபித்த வீடு அது. அந்தக் கோப்பையைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் கதைத்ததில்லை. நானும் கேட்டதில்லை. இதில் பெரிய வெட்கம் என்னவென்றால், தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தனிக் கிளாஸ் வைத்திருந்ததைப் பற்றி வெள்ளிக்கிழமை வகுப்பில் ஒரு மணித்தியாலம் படம் போட்டுப் படிப்பிக்கிறவளும் நான்தான். வெள்ளிக்கிழமை அதைப் படிப்பித்துவிட்டு, திங்கட்கிழமை பிள்ளைகளின் கையில் போத்தலைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

எழும்பி நின்று மன்னிப்புக் கேட்டேன். விளக்கம் எதுவும் சேர்க்காமல், பிழை என்னுடையது என்று மட்டும் சொன்னேன். யாரும் அழவில்லை, யாரும் என்னைத் தேற்றவுமில்லை. ஒரு பெண், "சரி, இருங்கோ" என்றார். உள்ளதைச் சொல்கிறேன், இப்போது தேத்தண்ணி வரும், வந்தால் நாலு கோப்பை என்றாலும் குடிப்பது என்று தயாராகத்தான் இருந்தேன். ஒன்றும் வரவில்லை. முதலில் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், மற்றதைப் பிறகு கதைப்போம் என்று அனுப்பிவிட்டார்கள். தாகத்தோடு பஸ் ஏறினேன். எனக்கு அது நன்றாக வேண்டும்.

அடுத்த நாள் அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டேன். அவள் விளக்கக் கடிதத்தோடு வந்தாள். 'விதியை மீறியதற்கு வருந்துகிறேன்' என்று ஒரே வரி. அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, நான்தான் வருந்த வேண்டும் என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. எல்லாம் தெரிந்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதும் முழுதாக விளங்கவில்லை. இது உனக்கு முதலே தெரியும் என்றால் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே பிள்ளை என்று கேட்டேன்.

"சொன்னா, உனக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேப்பியள், மிஸ்."

அவள் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். அவளும் அப்படியொரு இடத்துப் பிள்ளைதான். வகுப்பில் யாருக்கும் தெரியாது. ஊர் எது என்று கேட்டால் பக்கத்தில் இருக்கிற பெரிய சந்தியின் பெயரைச் சொல்லிச் சமாளித்து வந்திருக்கிறாள். அன்றைக்குக் குசினிக்குள் கூப்பிட்டபோது, இப்பதான் குடிச்சிட்டு வாறம் என்று சொல்ல அவளால் முடியவில்லை. அந்த வசனத்தைத் தன் தாய் வாசலில் நின்று எத்தனை தரம் கேட்டிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். நான் ஆர்வம் போதாது என்று எழுதிய பிள்ளை, என் வகுப்பில் பயந்து பயந்து இருந்திருக்கிறாள்.

மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டாள். சொல்லவில்லை. அவளின் கோப்பில் அந்த ஒரு வரிக் கடிதத்துக்கு மேலே, பிழை ஒருங்கிணைப்பாளருடையது என்று என் கையால் எழுதி ஒப்பமிட்டு வைத்தேன். வெள்ளிக்கிழமை வகுப்பில் மற்ற எல்லாக் கதையையும் சொன்னேன். அன்றைக்குப் படம் ஒன்றும் போடவில்லை, எங்கள் வீட்டு அலுமினியக் கோப்பையைப் பற்றித்தான் கதைத்தேன். எப்போதும் கதைத்துக்கொண்டிருக்கிற ஒரு மாணவன் அன்று தன் வீட்டுக் கதையைச் சொல்லத் தொடங்கி, நடுவில் நிறுத்திவிட்டான்.

திங்கட்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு நானே போனேன். எங்கள் கையேட்டைத் தலைவியிடம் கொடுத்து, இனி உங்கள் ஊருக்கு வருகிறவர்களுக்கான விதியை நீங்களே எழுதுங்கள் என்றேன். சங்கத்துப் பெண்கள் ஒரு பின்னேரம் இருந்து எழுதினார்கள். என் பன்னிரண்டு விதியும் மூன்றாகச் சுருங்கின. வீட்டுக்குள் வந்து இருக்க வேண்டும். கடையில் வாங்கி எதுவும் தரமாட்டோம், வீட்டில் உள்ளதைத் தருவோம். வேண்டாம் என்றால் உண்மையான காரணத்தைச் சொல்ல வேண்டும். இரண்டாவதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நான் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நாளே தீர்ந்திருக்கும் விஷயம்.

பிறகு வேலை நடந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒன்பது நாளில் அறுபது வீட்டுக் கையெழுத்தும் சேர்ந்தது. நான் நிறுத்திவைத்த நாட்களில் குறைந்த மணித்தியாலங்களை அவள் கடைசி இரண்டு வாரத்தில் சனிக்கிழமைகளும் போய் முடித்தாள். விண்ணப்பத்தைப் பங்குனி முடிய நாலு நாள் இருக்கும்போது கொடுத்தோம். அடுத்த தை மாதம் அந்தப் பொதுநோக்கு மண்டபத்தில் பதினேழு பிள்ளைகளோடு முன்பள்ளி தொடங்கியது. பாய்களை வட்டமாகப் போட்டிருந்தார்கள்.

பாடநெறி முடிந்த அன்று எல்லாரும் போன பிறகும் அவள் வாசலில் நின்றாள். "மிஸ், ஒருக்கா எங்கடை வீட்டை வாங்கோவன்" என்றாள். பெரிய சந்தியைச் சொல்லவில்லை. தன் ஊரின் பெயரைச் சொன்னாள், எந்தப் பஸ், எந்த ஒழுங்கை, எந்த வேலி என்று ஒரு கடதாசியில் கீறியும் தந்தாள். நான் போனேன், அவளின் அம்மா சோறு போட்டார், பசித்தது, சாப்பிட்டேன். அதைப் பெருமையாகச் சொல்ல வரவில்லை, ஒரு வீட்டில் சாப்பிடுவதில் என்ன பெருமை. அவள் எனக்கு வழி சொன்னாள், அதுதான் எனக்குப் பெரிது. இன்றைக்கும் நான் விதி எழுதுகிற ஆள்தான், அந்தக் குணம் போகாது. ஆனால் இதனால் எந்தப் பிள்ளை தன் ஊரின் பெயரை விழுங்கிக்கொண்டு என் முன்னால் இருக்க வேண்டி வரும் என்று ஒரு தரம் கேட்டுப் பார்த்த பிறகுதான் பேனையைத் திறக்கிறேன்.