பக்கத்துக் கட்டில் முட்டை

குன்னூர் ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் எஸ்டேட் வாட்ச்மேன் ஒருவர் இருந்தார். இருவருக்கும் ரத்தத்தில் புரதம் குறைந்து கால் வீங்கியிருந்தது. தினமும் காலையில் அவர் கம்பளியை விலக்கி, கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். விழும் குழி நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது. எனக்கு வயிறெரிந்தது. அவருக்குச் சரியாகச் சாப்பிடாததால் வந்த வீக்கம். முட்டையும் பருப்பும் தின்றே வடிந்துவிட்டது. எனக்கோ சிறுநீரகம் பழுது. எதைத் தின்றாலும் புரதம் சிறுநீரோடு போய்விடும், மாத்திரைதான் கதி.

"குடுத்து வெச்சவருங்க நீங்க. முட்டையிலயே சரியாயிருதே" என்றேன், பொறுக்காமல்.

உரித்த முட்டையைக் கையில் வைத்தபடி அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானுங்க குடுத்து வெச்சவரு. வேளாவேளைக்குச் சாப்பிட்டும் வந்த நோவுங்களே உங்களுது."

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஒரு வாரமாக அவர் முட்டையை நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.