யாருக்கு எது முறை

தக்கலை பேருந்து நிலையம். என் பக்கத்தில் ஒருவர் மகளோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் மடியில் கல்யாணத் துணிப் பை.

“இவளுக்கு மாப்பிள்ளை என் சொந்தத் தம்பி மவந்தான்” என்கிறார்.

“அவன் இவளுக்கு அண்ணன் முறை. அசிங்கமாயில்லையா?” என்று கேட்டுவிடுகிறேன்.

“உங்க ஊருல எப்பிடி அண்ணே?”

“என் அப்பா கட்டியது சொந்த அக்கா மகளை.”

“அல்லாவே! அது மவ முறையில்லா? எங்களுக்கு ஹராமாக்கும், கூடவே கூடாது.”

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். எனக்குக் கோபம் வருகிறது. அவளிடமே கேட்கிறேன்: “உனக்குச் சம்மதமாம்மா?”

சிரிப்பு நின்றுவிடுகிறது. அவள் வாய் திறப்பதற்குள், “அவளுக்கென்ன, சம்மதந்தான்” என்கிறார்.

அவள் தரையைப் பார்க்கிறாள்.

முறை ஊருக்கு ஊர் மாறட்டும். மகளுக்குப் பதிலாக அப்பா சம்மதம் சொல்வது எந்த ஊரிலும் தப்புதான். என் அம்மாவின் சம்மதத்தையும் தாத்தாதான் சொன்னார்.