எங்கள் பேய்ப்படமும் கல்லடி அக்காவும்

இன்று பின்னேரம் கல்லடியில் ஒரு மண்டபத்தில் எங்கள் பேய்ப்படத்தைத் திரையிட்டோம். ஒரு கமரா, வாவிக்கரையில் ஒரே வீடு, நண்பர்களே நடிகர்கள். சத்தங்கள் எல்லாம் என் வேலை.

படத்தில் ஒரு குடும்பம் மூத்த மகனை அறைக்குள் பூட்டிவைத்துவிட்டு, அவன் வெளிநாட்டில் இருப்பதாக ஊருக்குச் சொல்கிறது. கடைசியில் அவன் கதவை உடைத்துக்கொண்டு வருகிறான்.

மண்டபமே அலறியது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

எல்லோரும் போன பிறகும் ஒரு அக்கா கதிரையிலேயே இருந்தார். முன்பின் தெரியாதவர்.

"தம்பி, கதவில தட்டுற சத்தம் ஆரு போட்ட?"

"நான்தான் அக்கா."

"எங்கட அண்ணன் தட்டவே இல்ல."

சண்டைக்கு வீடு வீடாக வந்து பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போன காலம். அண்ணனைக் காப்பாற்ற, தோணி கவிழ்ந்து செத்துவிட்டான், உடலும் கிடைக்கவில்லை என்று சொல்லி அறைக்குள் ஒளித்தார்களாம். யாரும் சந்தேகப்படக்கூடாது என்று முப்பத்தோராம் நாள் காரியத்துக்குச் சமைத்து ஊருக்கே சோறு போட்டார்களாம்.

"அவனும் அந்தச் சோத்தைத்தான் திண்டான், உள்ளுக்க இருந்து."

"சண்டை முடிஞ்ச பிறகு வெளிய வந்திட்டாரா அக்கா?"

"கதவைத் திறந்துதான் விட்டிரிக்கம். அவன் வாறானில்ல. அம்மாவும் போயிட்டா. இப்ப நான் போய்க் குடுத்தாத்தான் சாப்பிடுவான்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

படத்தை இயக்கிய நண்பன் ஓடிவந்தான். "என்னவாம் அவ? பயமா இரிந்திச்சாமா?"

"இல்லையாம்" என்றேன்.

பார்த்த மற்றவர்கள் சொல்லுங்கள். உங்களுக்காவது பயமாக இருந்ததா?