எல்லாவற்றுக்கும் பத்துப் புள்ளி

போன செவ்வாய்க்கிழமை என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில் இருப்பேன், எழும்புவேன், கோப்பி மெஷின் வரை நடப்பேன், கோப்பி வாங்காமல் திரும்புவேன்.

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். அன்று ஐந்தாவது கீமோ. ரூஜ் பகுதியிலுள்ள வீட்டிலிருந்து அவரைக் காரில் ஏற்றி வந்த சாரதியும் நான்தான், மொழிபெயர்ப்பாளரும் நான்தான்.

வரவேற்பு மேசைப் பெண் ஒரு டேப்லெட்டைக் கையில் தந்தார். எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியா? பூச்சியத்திலிருந்து பத்து வரை புள்ளி போடுங்கள்... நேரம் போக வேண்டுமே! நான் வாசித்தேன், அக்கா புள்ளி சொன்னார்.

"காத்திருக்கிற நேரம்?"

"பத்து."

"ரெண்டு மணித்தியாலமாக் காஞ்சுகொண்டு இருக்கிறம், அக்கா."

"பத்தைப் போடு, தம்பி."

கதிரைக்குப் பத்து. கார் பார்க்கிங்குக்கும் பத்து. இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்றியவன் நான், புள்ளி போடுபவர் அவர்!

"உந்த நேர்ஸ் பிள்ளைக்கு ரெண்டு சின்னப் பிள்ளையள். நான் குறைச்சுப் போட்டு அவவின்ர வேலைக்கு ஏதும் வந்தா?"

அக்கா மிசிசாகாவில் ஒரு ஹொட்டேலில் பல வருடம் அறை துப்புரவாக்கியவர். தங்கிப் போன யாரோ இப்படியொரு படிவத்தில் குறைத்துப் போட, இவருடைய ஷிஃப்டுகளை வெட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து போன் கம்பனிக்காரன் கேட்டாலும் பத்துத்தான். நீங்களே சொல்லுங்கள், அடுத்தவர் போட்ட புள்ளியில் வயிறு கழுவியவருக்குக் குறைத்துப் போடக் கை வருமா?

"மருந்தின்ர பக்கவிளைவுகளை விளங்கப்படுத்தினவையோ?"

"பத்து."

"என்ன சொன்னவை?"

"நீதானே பக்கத்தில இருந்தனி."

எனக்கு எரிச்சல் வந்தது. நீங்களே அமத்துங்கோ என்று டேப்லெட்டை நீட்டினேன். அக்காவின் விரல் பத்தில் படவில்லை, எட்டில் விழுந்தது. திரும்பவும் வைத்தார். திரும்பவும் எட்டு.

"விரல் விறைச்சுப் போச்சு. தொடுறது தெரியேல்ல."

"எப்ப தொடக்கம்?"

"மூண்டாவது மருந்துக்குப் பிறகு. பொத்தான் பூட்டேலாது. அதுதான் உப்பிடித் தலையால போடுற சட்டை."

'புதுச் சட்டை வடிவாயிருக்கு' என்று காரில் சொன்னவன் நான்.

எழும்பி நேரே நேர்ஸிடம் போனேன். "அந்த நேர்ஸ் பிள்ளையைப் பற்றி முறைப்பாடு சொல்லப்போறியோ? இரு, தம்பி" என்று பின்னால் அக்காவின் குரல் கேட்டது. நான் இருக்கவில்லை.

நேர்ஸ் வந்து அக்காவின் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். டொக்டரைக் கூப்பிட்டார். அன்று மருந்து ஏற்றவில்லை. இப்படியே தொடர்ந்தால் விறைப்பு நிரந்தரமாகிவிடலாம், அளவைக் குறைத்து அடுத்த கிழமை ஏற்றுவோம் என்றார் டொக்டர். போன உணர்வு திரும்புமா? பொறுத்துத்தான் பார்க்க வேண்டுமாம்.

நேர்ஸ் கம்ப்யூட்டரில் பழைய பதிவுகளைப் பார்த்தார். "ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறேனே... கை கால் விறைப்பு, எரிவு, பொத்தான் பூட்டக் கஷ்டம் — எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் பதில் இருக்கிறது."

பதில் சொன்னது யார்? அவர் நீட்டிக் கேட்டதையெல்லாம் நான் சுருக்கி, "ஏதும் பிரச்சினையோ, அக்கா?" என்று கேட்பேன். அக்கா "ஒண்டுமில்லை" என்பார். நான் "நோ" என்பேன். ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். பிறகு மணிக்கூட்டைப் பார்ப்பேன்... எனக்கும் வேலைக்குப் போக வேண்டுமே!

வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

அந்தப் படிவத்தில் டொக்டருக்கு, நேர்ஸுக்கு, கதிரைக்குக்கூடப் புள்ளி போடலாம். கூட வந்தவனுக்குப் போட இடமில்லை.

இருந்திருந்தால் மட்டும் என்ன, அக்கா எனக்கும் பத்துத்தான் போட்டிருப்பார்.