தோள் அசையாமல் சொன்ன இல்லை

ஊர்வலத்துக்கு முன்னால் நின்று கோஷம் போடுவதும் ஒரு தொழில்தான். ஏர் ஓட்டுகிறவனுக்கு மாடு எப்படியோ, கோஷம் போடுகிறவனுக்குத் தொண்டை அப்படி. எனக்கு வாய்த்தது சண்டி மாடு. நான் ஒன்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது தன் இஷ்டத்துக்கு "இல்ல" என்று ஒரு வெட்டு வெட்டும். கூடவே வலது தோள் மேலே துள்ளும், கண் இரண்டும் இறுக மூடித் திறக்கும். நினைவு தெரிந்த நாளாக இப்படித்தான்.

உத்திரமேரூருக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கல்வெட்டைக் காட்டுவார்கள். ஓலை போட்டு ஆள் தேர்ந்தெடுத்த ஊர் என்பார்கள். அந்தப் பெருமைக்குப் பக்கத்து ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் காலனிக்குச் செத்தவர்களைத் தூக்கிப்போக ஒரு வழி இருந்ததில்லை. பாடையை வயல் சேற்றில் இறக்கித்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும், அதுவும் நிலத்துக்காரர் மனசு வைத்தால். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் நான் சேர்ந்தது அந்த வழிக்காக. என்னோடு சேர்ந்தவர்கள் வேறு வேறு வழி பார்த்துக்கொண்டு இப்போது காரில் போகிறார்கள். நான் அந்த ஒரே வழியைக் கேட்டுக்கொண்டு நின்றேன். தோள் துள்ளுகிறவர்களே, தொண்டை பேச்சைக் கேட்காதவர்களே, நடுவில் நான் பட்டதெல்லாம் உங்களுக்குத்தான் புரியும்.

வருகைப் பதிவு

பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும். என் பெயர் வருவதற்கு நாலு பெயர் முன்னாலேயே எனக்கு வயிறு கலங்கும். கலங்கினால் தோள் துள்ளும். தோள் துள்ளினால் அவ்வளவுதான். எழுந்து நின்று, சார் முகத்துக்கு நேராக, "இல்ல" என்பேன். வகுப்பு சிரிக்கும். சார் முதலில் காதைத் திருகினார், பிறகு பிரம்பை எடுத்தார். அடிக்கு நின்றுபோகிற சமாசாரமா இது? அடி வாங்கினால் இன்னும் வேகமாக வரும்.

ஐந்தாவதோடு நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் சங்கத்துத் துண்டறிக்கைகளில்தான். சுரண்டல் என்ற சொல்லுக்கு எழுத்துக்கூட்டப் பழகிய பிறகுதான் என் பெயரையே ஒழுங்காக எழுதினேன். கடைசி நாளில் சார் சலித்துப்போய்ச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நீயே இல்லன்ற, அப்புறம் நான் எப்டிடா உன்ன இருக்கன்னு போடறது?"

ஊர் பேர் தெரியாத ஆள்

முதல் சாலை மறியல். பாடையையே நடுரோட்டில் இறக்கி உட்கார்ந்தோம். பாடையில் இருந்தது நாகம்மாவின் புருஷன். நாகம்மா எங்கள் காலனியில் நடவு ஆட்களைக் கூட்டிப்போகிறவள். வழிமறித்த நிலத்துக்காரரை விட்டுவிட்டு எங்களைத்தான் வேனில் ஏற்றினார்கள், அதுதான் நாட்டு வழக்கம்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பெயர் கேட்டார். தோள் துள்ளியது. "இல்ல." அப்பா பெயர் கேட்டார். "இல்ல." ஊர்? "இல்ல." நான் திமிர் பண்ணுகிறேன் என்று பக்கத்தில் இருந்த தோழர்கள் பூரித்துப்போனார்கள். நான் எவ்வளவு முக்கியும் என் பெயர் வெளியே வரவில்லை என்பது எனக்குத்தான் தெரியும். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு ஏட்டுவைக் கூப்பிட்டார்: "யோவ், ஊரும் இல்லாம பேரும் இல்லாம அப்பனும் இல்லாம ஒருத்தன், எங்கய்யா புடிச்சிக்கினு வந்த?"

மாலை மாற்றிய கதை

கல்யாணம் சங்கக் கொட்டகையில். ஐயர் கிடையாது, தலைவர் ஒருவர் உறுதிமொழி படிப்பார், நாங்கள் சம்மதம் சொல்லி மாலை மாற்ற வேண்டும். "இவரை வாழ்க்கைத் துணையாக ஏற்கச் சம்மதமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அதுவரை அடக்கி அடக்கி வைத்திருந்தது மொத்தமும் அந்த இடத்தில் வந்து விழுந்தது. "இல்ல. இல்ல."

பெண்ணின் அண்ணன்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். ஓடுவதா நிற்பதா என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, மணப்பெண் சரோஜா தலையை நிமிர்த்தி அண்ணன்களை ஒரு பார்வை பார்த்தாள்: "பொண்ணு பாக்க வந்தப்பவே காப்பி வோணுமான்னதுக்கு இல்லன்ட்டு ரெண்டு டம்ளர் குடிச்ச ஆளு இது, நீங்க கம்முனு உக்காருங்க."

கூட்டத்துக்கும் தொற்றிக்கொண்டது

கோஷத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. முன்னால் நிற்பவன் என்ன சொன்னாலும் பின்னால் வருகிறவர்கள் திருப்பிச் சொல்வார்கள். பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு நாள் "வெற்றி நமதே" என்றேன். சொல்லி வாய் மூடுவதற்குள் "இல்ல" வந்துவிட்டது. பின்னால் அத்தனை பேரும் கையை உயர்த்தி, "இல்ல!" என்றார்கள். பழக்கடைக்காரர்கள் தராசை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். சின்னப்பிள்ளைகள் சிலர் தோளையும் துள்ளவிட்டார்கள்.

அதற்கு அடுத்த கூட்டத்திலிருந்து அந்த "இல்ல" மைக்கில் கேட்கவே இல்லை. எனக்கு ஆச்சரியம். குணமாகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். மைக் செட் வாடகைக்கு விடுகிற சலீம் பாயிடம் போய்க் கேட்டேன். மனுஷன் ஆம்ப்ளிஃபயரில் ஒரு கையை வைத்தபடி, நாஷ்டாவுக்கு வாங்கிய இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: "குணமும் இல்ல ஒண்ணும் இல்ல நைனா, உன் 'இல்ல' வர்றதுக்கு முன்னாடி தோள் வந்து சொல்லிட்டுப் போவுது, அதப் பாத்து நான் வால்யூம எறக்கிடறேன்."

நோட்டீசில் நான்

பாய் சொல்லும்வரை எனக்கே அது தெரியாது. தோள் முந்தும், தொண்டை பிந்தும். நானாக "இல்லை" சொன்னால் தோள் அசையாது. பாய் வாயால் காலனிக்கே இது பரவியது. இதைக் கண்டுபிடிக்கக் கூடவே இருந்த தோழர்களால் முடியவில்லை. அவர்கள் கண்டுபிடித்தது வேறு. சங்கத்தின் மாவட்டச் செயலாளர் போட்ட துண்டறிக்கையில், "போலீஸ் தடியடியால் உடல் குலுங்கும் தியாகி" என்று என் படம் வந்தது.

நான் தடியடி பட்டவன்தான். முதுகில் தழும்பு இருக்கிறது, தியாகத்தை யாரும் எனக்குக் கடன் கொடுக்க வேண்டாம். ஆனால் தோள் அதற்கு முன்னாலேயே துள்ளியது. பள்ளிக்கூடமே சாட்சி. எனக்கு எழுத்தறிவித்ததே துண்டறிக்கை. அதில் என்னைப் பற்றியே பொய் வந்ததும் நெஞ்சு கசந்துவிட்டது. செயலாளரைப் பிடித்துக் கேட்டேன். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "உண்மைக்கு எடம் பத்தல தோழர், நோட்டீஸ் ஒரு பக்கம்தான்."

பெயர் கிடைத்தது

சரோஜாவுக்கு முட்டிவலி என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அம்மா அவள் முட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் தோளையே பார்த்தாள். எப்போதிருந்து என்று கேட்டாள். பொய் சொல்லாமல் சொன்னேன். நரம்பு டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் இதற்கு டூரெட் என்று பெயர் சொன்னார். பைத்தியம் இல்லை, சாமி குத்தம் இல்லை, அடியால் வந்ததும் இல்லை, பயந்தாலும் அடக்கினாலும் கூடும், விட்டுவிட்டால் தானே தணியும் என்றார். என்னைப் போல நிறைய பேர் இருக்கிறார்களாம்.

வெளியே வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்தேன். முதுகிலிருந்து நெல் மூட்டையை இறக்கினதுபோல இருந்தது. அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கம் இல்லை. சரோஜா பஸ்ஸுக்குச் சில்லறை தேடிக்கொண்டே சொன்னாள்: "இத்தினி வருசமா பேரு வெக்காமயே ஒரு புள்ளைய வளத்துக்கினு இருந்துகீறோம், பாரு."

யார் பேசப் போவது

ஒரு மழைக்காலத்தில் மறுபடியும் பாடை சேற்றில் மாட்டியது. இந்த முறை காலனியே ரோட்டில் உட்கார்ந்தது. அதிகாரி ஒருவர் எங்களையும் நிலத்துக்காரரையும் வைத்துப் பேச ஒப்புக்கொண்டார். உடனே காரில் வந்து இறங்கினார் செயலாளர். நான் உள்ளே வரக் கூடாது, காரியம் கெட்டுவிடும், அதிகாரி கேட்கிற இடத்தில் நான் "இல்ல" என்று வைப்பேன் என்றார். ஊர்வலத்துக்கு வேண்டுமாம் நான், பேச்சுவார்த்தைக்கு வேண்டாமாம்.

எழுந்து வீட்டுக்குப் போகத்தான் நினைத்தேன். எனக்கு ரோஷம் அதிகம். ஆனால் நாகம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குறுக்கே வந்தாள்: "எங்க ஊட்டுக்காரரு பொணத்துக்காக வேன்ல ஏறுனது அண்ணன் தோள்தான், அதும் உள்ள வரட்டும்."

அசையாத தோள்

அதிகாரி தயாராக ஒரு முடிவு வைத்திருந்தார். அறுப்பு முடிந்து அடுத்த நடவு வரைக்கும் வயல் வழியாகப் போய்க்கொள்ளலாம். பயிர் இருக்கும்போது பெரிய ரோட்டைச் சுற்றிப் போக வேண்டும். நிலத்துக்காரர் தலையாட்டினார். செயலாளரும் தலையாட்டினார். "சாவறவங்க அறுப்பு முடிஞ்சிதான்னு கேட்டுக்கினா சாவாங்க?" என்று நாகம்மா முணுமுணுத்தாள். அதிகாரி என்னைப் பார்த்து, "சம்மதமா?" என்றார். தோள் துள்ளியது. "இல்ல" வந்தது. செயலாளர் பாய்ந்தார்: "சார், அது வியாதி சார், அதக் கணக்குல எடுக்காதீங்க. சம்மதம்னே எழுதிக்கோங்க." நாகம்மா விடவில்லை. "கணக்குல எடுக்காதீங்க, சரி. தோள் துள்ளிச்சின்னா அது அவரு சொல்றது இல்ல. ஆனா சம்மதம்னும் எழுதாதீங்க. அவரு இன்னும் சொல்லல, இருங்க."

அறையில் இருந்த அத்தனை கண்ணும் என் வலது தோளுக்கு வந்தன. உள்ளே அது மறுபடியும் கிளம்பியது. முன்பென்றால் பல்லைக் கடித்து அடக்கியிருப்பேன், அது சரம் சரமாக வெடித்திருக்கும். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. விட்டுவிட்டேன். துள்ளியது, மறுபடியும் துள்ளியது, "இல்ல, இல்ல" என்று அதன் பாட்டுக்குக் கத்தி ஓய்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. தோள் இறங்கி, ஆடாமல் நின்றது. அப்போது நான் சொன்னேன்: "இல்ல." எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அது தெரிந்தது. எனக்காக நாகம்மாதான் அதிகாரியிடம் சொன்னாள்: "இப்ப எழுதிக்கோங்க சார், இதான் அவரு சொன்ன இல்ல."

அளவு போட்ட அன்று

வயலை ஒட்டி ஓடைப் புறம்போக்கு ஒன்று இருப்பதும், அதை நிலத்துக்காரர் வரப்போடு சேர்த்து உழுதுகொண்டிருந்ததும் எங்களுக்கு எப்போதும் தெரியும். அதிகாரி அன்றைக்குத்தான் நில அளவைப் படத்தை விரித்துப் பார்த்தார். பிறகு அந்தப் புறம்போக்கிலேயே வழி விடுவதாகச் சொல்லி, அளக்கிற சங்கிலியோடு ஆளைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே வந்தார். செயலாளர் போட்டோவுக்கு முன்வரிசையில் நின்றுகொண்டார். நிற்கட்டும், வழி அவருக்கும்தான், என்றைக்காவது வேண்டியிருக்கும்.

அளக்கும் முன் அதிகாரி மரியாதைக்கு என்னிடம் திரும்பி, "இப்ப சம்மதம்தானே பெரியவரே?" என்று கேட்டார். சந்தோஷம் வந்தாலும் எனக்கு வயிறு கலங்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. "இல்ல" என்றேன், சத்தமாக. சங்கிலிக்காரர் திகைத்து நின்றுவிட்டார். அதிகாரி என் முகத்தைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்துவிட்டுச் சங்கிலிக்காரரிடம் சொன்னார்: "தோள் ஆடிச்சிப்பா, நீ அள."

வாழ்நாளில் நான் சொன்ன இல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு என் தொண்டைதான் பொறுப்பு, எனக்குச் சொந்தமானது கொஞ்சம்தான், அதில் ஒன்றின் மேல் இப்போது செம்மண் கொட்டியிருக்கிறார்கள், மழையிலும் வழுக்காமல் நடக்கலாம்.