தாங்கள் பலமுறை எச்சரித்தும்

நாலு வருஷத்துக்கு முன்பு, ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. தூத்துக்குடி முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது. துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குக் காகிதம் தயாரிக்கும் அலுவலகத்தில் எனக்கு வேலை. அந்த வேலைக்குத் தமிழ் தேவையில்லை. வாசித்துச் சேர்த்த தமிழையெல்லாம் தெருக்காரர்களுக்கு மனு எழுதியே செலவழித்து வந்தேன். சாக்கடை அடைப்பு பற்றி நான் எழுதிய மனுவைப் படித்து மாநகராட்சியில் ஒருவர் கண்கலங்கினாராம். சாக்கடை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அன்று மனு எழுத வந்தவர் எதிர்வீட்டுப் பெண். உப்பு அரைத்துப் பாக்கெட் போடும் சின்ன மில்லில் பத்து வருஷ வேலை. ஏழெட்டுப் பேர்தான், ஈ.எஸ்.ஐ. எல்லாம் கிடையாது. முந்தின மாதம் கன்வேயர் ரோலரில் வலது கை சிக்கி மூன்று விரல்கள் போய்விட்டன. ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டியதோடு முதலாளி பேச்சை நிறுத்திக்கொண்டார்.

“ரோலருக்குக் கம்பி வலை கிடையாது, கை போச்சுன்னு எழுதுங்க அண்ணாச்சி. வேற என்ன இருக்கு எழுத?”

எனக்கு அது மனுவாகவே தெரியவில்லை. தந்தி மாதிரி இருந்தது. கேட்கிற இடத்தில் பணிவு வேண்டாமா? வீட்டுக்கு வந்தவருக்கு எட்டு வகைக் கறி வைத்துவிட்டு “ஒண்ணுமே செய்யல, தப்பா நினைக்காதிய” என்று சொல்கிற ஊர் இது. ‘தந்தையினும் மேலான முதலாளி அவர்களுக்கு’ என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதினேன். அவர் மனம் குளிரட்டும் என்று நடுவில் ஒரு வரி: ‘தாங்கள் பலமுறை எச்சரித்தும் கேளாமல் கை நீட்டிய பேதை நான்.’ வாசித்துக் காட்டிவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

அந்தப் பெண் பாராட்டவில்லை. “அவுங்க எங்க அண்ணாச்சி எச்சரிச்சாங்க?”

“ஏளா, அது ஒரு மரியாதைக்குப் போடுதது. உனக்குப் புரியாது.”

இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

முதலாளியிடமிருந்து பதில் இல்லை. தொழிற்சங்க வக்கீல் ஒருவர், தொழிலாளர் இழப்பீடு விசாரிக்கும் அதிகாரியிடம் வழக்குப் போட்டார். விசாரணையில் எதிர்த்தரப்பு எடுத்து நீட்டிய முதல் காகிதம் என் கடிதம். மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார்கள். என் எழுத்தை அதற்கு முன் யாரும் அவ்வளவு அக்கறையாகப் பாதுகாத்ததில்லை.

சங்கத்து வக்கீல் வீட்டுக்கே வந்துவிட்டார். “வேலையில அடிபட்டா, கவனக்குறைவுன்னு சொல்லி முதலாளி தப்பிக்க முடியாது சார். ஆனா பாதுகாப்புக்குச் சொன்னத வேணும்னே மீறுனாங்கன்னு காட்டிட்டா, இழப்பீடு போச்சு. அந்த ஒரு கதவு பூட்டிக் கெடந்துச்சு. நீங்க சாவி செஞ்சு குடுத்துட்டிய. இது பிச்சை இல்ல, அவுங்க உரிமை. இதுல ‘பேதை’ எதுக்கு?”

எதிர்வீட்டுப் பெண் திட்டவில்லை. “நான் அப்பவே கேட்டேம்லா” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. அந்தக் கையை வைத்துக்கொண்டு எந்த மில்லிலும் வேலை கிடைக்காது, வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

நானே சாட்சிக்குப் போனேன். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: “எச்சரித்ததை நீங்கள் பார்த்தீர்களா?”

“இல்லை.”

“அந்தப் பெண் சொன்னாரா?”

“இல்லை.”

“பிறகு ஏன் எழுதினீர்கள்?”

“அழகுக்கு.”

“அப்படியானால் பொய் எழுதினீர்கள்.”

முப்பது வருஷ வாசிப்பில் இதற்குத் தோதாக ஒரு பதில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். “ஆமாம், பொய்தான்” என்றேன்.

விசாரித்த அதிகாரியம்மா நிமிர்ந்து பார்த்தார். “அவங்க என்னதான் எழுதச் சொன்னாங்க?”

“ரோலருக்குக் கம்பி வலை கிடையாது, கை போச்சு.”

அதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அவர் எழுதிக்கொண்டார். என் வரியைத் தவிர, எச்சரித்ததற்கு முதலாளியிடம் வேறு சாட்சி இல்லை. வலை மாட்டியிருந்ததற்கும் இல்லை. சில மாதம் கழித்து, இழப்பீடு கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

உத்தரவு நகலோடு எதிர்வீட்டுப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தார். “இனியும் எதும் எழுதணும்னா உங்ககிட்டதான் வருவேன் அண்ணாச்சி. ஆனா நான் சொல்லுதத எழுதணும், என்னா?” என்றார். என் மனைவி உள்ளேயிருந்து, “நல்லாக் கேளு” என்றாள்.

இப்போதும் மனு எழுதுகிறேன். பேனா ‘மேலான’ என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் எதிர்வீட்டு கேட் தாழ்ப்பாளை ஓர் இடது கை நீக்கும் சத்தம் கேட்கிறது, உடனே அதை அடித்துவிட்டு, “என்ன நடந்துச்சு, நீங்களே சொல்லுங்க” என்று வந்தவரிடம் கேட்டு, சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.