படம் திறக்கும் நேரம்

“இப்ப என்னங்க்கா வந்திருக்குது?”

“வெள்ளையா ஒரு பொட்டி. நடுவுல வட்டம் சுத்துது.”

“சுத்தட்டுங்க. நின்னதும் சொல்லுங்க.”

ஜெகதீஸ்வரன் கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் பார்த்துக்கொண்டிருந்தது பூப்போட்ட பச்சைப் படுக்கை விரிப்பை. அது திரையை முழுவதும் மூடிக்கொண்டு தரைவரை தொங்கியது. விரிப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு, உள்ளே தெரிவதை ரிஹானா சொல்லிக்கொண்டிருந்தாள். மவுஸ் மட்டும் அவன் கையில் இருந்தது.

“நின்னுருச்சு. அம்புக்குறியைக் கொஞ்சம் மேல கொண்டு போங்க. இன்னும் மேல. தாண்டிட்டீங்க.”

“வரட்டும், வரட்டும், ஒடிச்சு வரட்டும்” என்றார் அவள் கணவர் நயீம், முன்னறையில் இருந்தபடியே. “லாரி ரிவர்ஸ் எடுக்கற மாதிரியே இருக்குது.”

“நீங்க சும்மா இருங்க.” விரிப்புக்குள்ளிருந்து குரல் வந்தது.

“கிளீனர் இல்லாத லாரியக்கூட எடுத்தரலாம் பாய். கண்ணாடியே இல்லாத லாரிய எப்படிங்க எடுக்கறது?” என்றான் ஜெகதீஸ்வரன். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஏனுங்க்கா, ஒரு அரை நிமிசம் நானே பாத்துட்டன்னா வேலை வெரசா முடிஞ்சிருமுங்க” என்றான்.

“முடியாது தம்பி.”

“நானே பாத்ததில்ல” என்றார் நயீம். “ஊட்டுக்காரன் நான். நீ பாக்கப்போறியா?”

அவர் சொன்னது உண்மை. நாமக்கல்லிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்துப் படங்களை ரிஹானா பன்னிரண்டு வருடமாக எடுத்துவருகிறாள். மருதாணி வைப்பது, மணப்பெண்ணுக்கு அலங்காரம், பெண்கள் மட்டும் உட்காரும் பந்தி. அங்கே யாரும் முக்காடு போட்டிருக்க மாட்டார்கள். கல்யாணத்துக்கு முன்பு அவள் சேலத்தில் ஒரு கலர் லேபில் படங்களைத் திருத்தும் வேலை பார்த்தவள். நயீமுக்கு லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக் கொடுக்கும் கடை. அவருடைய சொந்தத்தில் ஒரு நிக்காஹ் நடந்தபோது, போட்டோ எடுக்க வந்தவன் ஆண் என்று மணப்பெண் அறையைவிட்டு வெளியே வர மறுத்துவிட்டாள். ரிஹானா கேமராவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வந்ததும், படத்தையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்று பெண்ணின் தாய் கேட்டதற்கு, “ஆம்பளை கண்ணு படாது” என்றாள். பிறகு அந்த ஒரு வாக்கியமே தொழிலாயிற்று.

போர்டு கிடையாது. விசிட்டிங் கார்டு கிடையாது. அந்தப் பேச்சை நம்பித்தான் ராசிபுரத்திலிருந்தும் ஓமலூரிலிருந்தும் போன் வருகிறது. ஆல்பம் அச்சாவதுகூட சேலத்தில் அவளோடு வேலை பார்த்த வித்யாவின் கையால்தான். பேச்சு ஒரு தடவை தவறினால் அதற்கப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிடாமல் போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே படம் எடுத்துக்கொண்ட அத்தனை பெண்களும் தங்கள் படத்தை யார் பார்த்தார்கள் என்று நினைக்க ஆரம்பிப்பார்கள்.

ஆல்பம் கொடுத்த பிறகும் படங்கள் அவளிடமே தங்கிவிட்டன. பென் டிரைவில் போட்டுத் தருகிறேன் என்றால் வாங்குவதில்லை. வீட்டில் ஆண்கள் எடுத்துப் பார்த்துவிடுவார்களாம். அழித்துவிடட்டுமா என்று கேட்டால் பதறுகிறார்கள். “உங்ககிட்டயே அமானிதமா இருக்கட்டும்” என்கிறார்கள். நம்பிக் காக்கக் கொடுக்கும் அமானிதம் என்று ஒப்படைத்துவிட்ட பிறகு அதை வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. எட்டு வருடம் கழித்து ஒருத்தி கூப்பிட்டு, ஆல்பத்தில் மழைத்தண்ணீர் பட்டுவிட்டது, மறுபடி போட்டுக் கொடுங்கள் என்பாள்.

அந்தக் கம்ப்யூட்டர் மகன் அத்னான் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியது. அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். இப்போது அதில் படங்கள்தான் இருந்தன. காலையில் பட்டனை அமுக்கிவிட்டு இட்லி ஊற்றி இறக்கி வைத்துவிட்டு வந்தால் அப்போதுதான் திரை வந்துகொண்டிருக்கும். ஒரு படத்தைத் திறக்க வேண்டும் என்றால், கிளிக் செய்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்துவாள். பிறகு ஜன்னல். திரும்பி வரும்போது நெற்றிச்சுட்டி வரை வந்திருக்கும். உட்கார்ந்தால் கண் வரும், மூக்கு வரும். அந்த அறைக்கு அது ஒன்றுதான் ஜன்னல். அதற்கு வெளியே லாரி பாடி கட்டும் பட்டறை. பகல் முழுவதும் தகரம் தட்டுவார்கள். படம் திறந்திருக்கும்போது ஜன்னல் மூடியிருக்க வேண்டும். எப்போதும் ஏதோ ஒரு படம் திறந்திருந்தது.

போன வாரத்திலிருந்து கம்ப்யூட்டருக்குள் டிக் டிக் என்று ஒரு சத்தம். கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றார் நயீம். கடையில் நாலு பேர் இருப்பார்கள், ஆளை இங்கே வரச்சொல்லுங்கள் என்றாள். அவருடைய கடையில் பில் போடும் கம்ப்யூட்டரைப் பார்க்க வருகிற ஜெகதீஸ்வரனை அவர் அழைத்துவந்தார். அவள் பீரோவைத் திறந்து விரிப்பை எடுத்தாள்.

“சி, டி, ஈ மூணுலயும் எவ்வளவு எடம் மிச்சமிருக்குதுன்னு படிங்க்கா.”

“மூணுமே செவப்பாத்தான் இருக்குது.”

“அவ்வளவு கல்யாணமுங்களா?”

“ஒவ்வொரு கல்யாணமும் டி-ல ஒண்ணு, ஈ-ல ஒண்ணு வெச்சிருக்கேன். ஒண்ணு கெட்டுப்போனாலும் இன்னொண்ணு இருக்கட்டும்னு. முக்கியமானது சி-லயும் இருக்குது.”

ஜெகதீஸ்வரன் மவுஸை விட்டான். கம்ப்யூட்டரை அணைக்கச் சொல்லி, பக்கத்து மூடியைக் கழற்றினான். உள்ளே தூசு பஞ்சுபோல அடைந்திருந்தது. பிரஷ்ஷால் தட்டி எடுத்தான்.

“இங்க வாங்க்கா. இதைப் பாத்தீங்களா?” உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி. “இதுதான் சி.”

“சரி.”

“இதுதான் டி.”

அவள் அவனைப் பார்த்தாள்.

“ஈ-யும் இதேதானுங்க. மூணும் ஒரே டிஸ்க்கு. பேருதான் மூணு.”

“ஒரே ஊட்ல மூணு ரூம்பு” என்றார் நயீம் வாசற்படியில் நின்று. “தீ புடிச்சா...”

“வாயை மூடுங்க.”

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு கல்யாணமும் முடிந்து, கண் எரிய உட்கார்ந்து, நகலுக்கு நகல் எடுத்து வைத்தது எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் இருந்தது. டிக் டிக் என்று சத்தம் போட்டது அதுதான்.

“இது எப்ப வேணா போயிருமுங்க” என்றான் அவன். “இன்னொண்ணு, விண்டோஸ் நடமாடறதுக்கே எடமில்லாம அடைச்சு வெச்சிருக்கீங்க. மெதுவா போவாம என்ன பண்ணும்? வேகமா ஓடற எஸ்எஸ்டி டிஸ்க்கு ஒண்ணு போட்டு விண்டோஸ அதுல ஏத்திருவோம். படத்துக்குத் தனியா பெரிய டிஸ்க்கு. ரெட்டையா இருக்கறத விட்டுட்டு ஒண்ண மட்டும் அதுக்கு மாத்திக்கலாம். ரேமும் சேத்துப் போட்டா பறக்குமுங்க. கடைக்குக் கொண்டு போயிட்டா...”

“கொண்டு போகக் கூடாது.”

“தெரியுமுங்க. சும்மா கேட்டு வெச்சேன்.”

அவன் போய்ச் சாமான்களை வாங்கி வந்தான். விண்டோஸ் ஏறும்போது படம் எதுவும் வராது என்று சொன்னதால் விரிப்பைத் திரைக்கு மேல் சுருட்டி வைத்தாள். பழைய டிஸ்க்கை மாட்டியதும் இறக்கிவிட்டாள். படங்களைப் புது டிஸ்க்குக்கு மாற்றும் வேலையை அவளே செய்தாள். அவன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு எதை அமுக்க வேண்டும் என்று சொன்னான். சுவரில் ஜமாஅத் காலண்டர் தொங்கியது.

“தொழுகை நேரம் மொத்தமும் மனப்பாடம் ஆயிருச்சுங்க பாய்” என்றான். “நாளைக்கு யாராச்சும் கேட்டா நானே சொல்லிருவேன்.”

பச்சைக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. மதியத்துக்கு மேல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. டிக் டிக் சத்தம் அதிகமாயிற்று. எந்தக் கல்யாணத்தில் நிற்கிறது என்று ரிஹானா பார்த்தாள். ஓமலூர், தஹ்சீன்.

தஹ்சீன் கல்யாணத்தில் எடுத்த ஒரு படம் ஆல்பத்தில் சேரவில்லை. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் ஈர மருதாணியோடு உட்கார்ந்திருக்கும்போது தஹ்சீனுக்கு மூக்கு அரித்தது. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு மூக்கை முன்னால் நீட்டுகிறாள். வாய் நிறைய வெற்றிலையோடு அவள் பெரியம்மா சீப்பின் முனையால் சொறிந்துவிடுகிறாள், ஊசியில் நூல் கோப்பதுபோல அவ்வளவு கவனமாக. பின்னால் ஒரு பெண் சிரிப்பை அடக்க இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருக்கிறாள். தஹ்சீனின் தாய், “மூஞ்சியக் கோணிக்கிட்டு, இது எதுக்கு?” என்று தள்ளிவிட்டாள். அதனால் வித்யாவும் அதைப் பார்க்கவில்லை. ரிஹானா மட்டும் அவ்வப்போது திறந்து பார்ப்பாள். தான் எடுத்ததில் அதுதான் படம் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. சரிதானா என்று கேட்க ஆள் இல்லை.

“நிக்குதுங்களா?” என்றான் அவன் சுவரைப் பார்த்தபடி.

“நிக்குது.”

“தொடாதீங்க. அதுவே போவும்.”

போயிற்று. வெயில் இறங்கும்போது எல்லாம் முடிந்தது. அவன் பழைய டிஸ்க்கைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு மூடியைப் பூட்டினான். பட்டனை அமுக்கியதும் திரை வந்து நின்றது. நீலத் திரையில் படம் எதுவும் இல்லை. விரிப்பைக் கட்டில்மேல் போட்டாள்.

“எதையாச்சும் ஒண்ணத் தெறந்து பாருங்க்கா. தெறந்தாத்தான் நல்லபடியா வந்து சேந்துச்சுன்னு அர்த்தம்” என்று சொல்லிவிட்டு ஜெகதீஸ்வரன் கீழே குனிந்து ஸ்க்ரூடிரைவர்களைப் பொறுக்கினான்.

எது வந்து சேராமல் போயிருக்கும் என்று பயந்தாளோ அதையே கிளிக் செய்தாள். செய்துவிட்டு எழுந்தாள். முன்னறையில் நயீம் யாரோ லாரிக்காரரிடம் போனில் தார்ப்பாய் அளவைக் கேட்டுக்கொண்டிருந்தார். படம் அவர் கண்ணில் பட்டுவிடாதபடி கதவைச் சாத்தப் போனாள். சாத்தப்போகும் கதவுக்கு உள்பக்கம் ஓர் ஆள் இருப்பது அவளுக்கு உறைக்கவில்லை. தாழ்ப்பாளில் கை வைத்தபோது பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

படம் முழுவதும் வந்திருந்தது. ஜெகதீஸ்வரன் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“அட, ரெண்டு கையும் மருதாணி, மூக்குல அரிப்பு! பாவமுங்க. அந்தம்மா சீப்பால சொறியறதப் பாருங்க, என்னமோ ஆபரேசன் பண்ற மாதிரி. நீங்க எடுத்ததுங்களா? அருமையா எடுத்திருக்கீங்க்கா.”

அவள் விரிப்பைப் பார்த்தாள். அது கட்டிலில் கிடந்தது.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“நான் ஒண்ணும் பாக்கலீங்க்கா” என்று காலண்டரிடம் சொன்னான்.

அவள் வந்து படத்தை மூடினாள். போனை வைத்துவிட்டு நயீம், “தெறந்துச்சா?” என்று கேட்டார்.

“தெறந்துச்சு.”

“வெரசா வந்துச்சா?”

“வந்துச்சு.”

செருப்பைப் போடும்போது ஜெகதீஸ்வரன் மெதுவாக, “அக்கா, நான் யாருகிட்டயும்...” என்று ஆரம்பித்தான்.

“போயிட்டு வாங்க தம்பி.”

“வாரேனுங்க.”

அவன் வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் அவள் போனை எடுத்துத் தஹ்சீனின் எண்ணைத் தேடினாள். தஹ்சீன் சிரித்துவிட்டுப் போகக்கூடும். ஆனால் தன் அம்மாவிடம் சொல்வாள். ஓமலூரிலிருந்து ராசிபுரத்துக்குப் பேச்சு வர ஒரு கல்யாணப் பந்தி போதும். எண்ணை அமுக்கவில்லை. பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, படத்தைத் திறந்தாள். உடனே வந்தது. அவன் முதலில் எதைப் பார்த்துச் சிரித்தான் என்று யோசித்தாள். மூக்கையா, சீப்பையா? பின்னால் வாயைப் பொத்திக்கொண்டிருப்பவளைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவளைக் கவனித்தானா என்று கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்க முடியாது.

“தெறந்துக்கிட்டேதான் இருக்குதா இன்னும்?” என்றார் நயீம் கதவுக்கு வெளியே. “நல்லா இருக்குதா படமெல்லாம்?”

“இருக்குது” என்றாள்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் உடனே வந்தது. இட்லிக்குத்தான் காத்திருக்க வேண்டியிருந்தது. கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு அப்புறம் உட்கார்ந்தாள். விரிப்பில் தூசு ஏறியிருந்தது. துவைத்து மாடியில் காயப்போட்டாள். பழைய டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றிப் பீரோவில் வைத்தாள். சேந்தமங்கலத்திலிருந்து ஷாஜாதி என்று ஒரு அம்மா கூப்பிட்டார். அடுத்த மாதம் மகளுக்கு நிக்காஹ். “ஆம்பளை கண்ணு படாதுல்லம்மா?” என்று கேட்டார். “படாதுங்க” என்றாள். மதியம் ராசிபுரத்து ஆல்பத்தில் வேலை செய்தாள். பாதி முடிந்தது. பட்டறையில் தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். மெஷின் எப்படிப் போகிறது என்று ஜெகதீஸ்வரன் வாட்ஸப்பில் கேட்டிருந்தான். நன்றாகப் போகிறது என்று எழுதினாள்.